மைனஸ் 22-ல நின்னுக்கிட்டு எழுதுற ரிவ்யூ: ஈடர் வாத்தா, பனிக்கரடியா?

மொதல்லயே சொல்லிடுறேன், இது ஒரு ஜாக்கெட் ரிவ்யூவா ஆரம்பிச்சு எங்கயோ போயி முடிஞ்ச விஷயம். நான் வேலை பாக்குறது ஒரு ஃப்ரீசர் கிடங்குல. உள்ள மைனஸ் 22 டிகிரி. நாப்பது நிமிஷம் உள்ள, இருபது நிமிஷம் வெளிய, திரும்ப உள்ள, இப்படியே ஷிஃப்ட் முழுக்க பேலட்ட இறக்கு, அடுக்கு, லேபிள ஸ்கேன் பண்ணுனு ஓடும். போன வருஷம் குடுத்த ஜாக்கெட் (எந்த கம்பெனினு சொல்லல, விடுங்க) மூணே மாசத்துல பல்ல காட்டிருச்சு. கட்டம் கட்டமா தைச்சிருப்பாங்கல்ல, அந்த தையல் போற கோடு வழியா குளிர் கோடு கோடாவே முதுகுல இறங்கும், கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாத்தா ஒவ்வொரு கட்டத்துலயும் உள்ள இருக்குற பஞ்சு கீழ சரிஞ்சு கட்டியா கெடக்கு, மேல் பாதி வெறும் துணி. நான் துணிய போட்டுக்கிட்டு தான் மூணு மாசம் நின்னிருக்கேன்.

அந்த கடுப்புல தான் யோசிச்சேன், காசு வாங்கிட்டு ஜாக்கெட் தைக்கிறவன விடு, குளிர்லயே பொறந்து குளிர்லயே குட்டி போட்டு குளிர்லயே சாகுற ஜீவன் எல்லாம் என்னத்த போட்டுக்கிட்டு இருக்குனு. பென்குயின் நியாபகம் வந்துச்சு, ஆனா அது தெக்கு கோடி. வடக்குப் பக்கம் ஆர்க்டிக் கரையில ஒரே அட்ரஸ்ல குடியிருக்குற ரெண்டு பேரு இருக்காங்க, ரெண்டு பேரோட கோட்டும் ஒலகப் புகழ், ரெண்டும் முழுக்க வேற டெக்னிக். ஒன்னு ஈடர்னு ஒரு கடல் வாத்து, இன்னொன்னு பனிக்கரடி. ரெண்டையும் ஜாக்கெட் பாக்குற கண்ணாலயே பாத்து எழுதுறேன், விலங்கியல் படிச்சவங்க கோவிச்சுக்காதீங்க.

வாத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அத நான் கையால தொட்டிருக்கேன். கரடிய தொட்டதில்ல, தொட்டிருந்தா இத டைப் பண்ண கை இருந்திருக்காது.

எங்ககூட லோடிங்ல இருக்குற ஒரு அண்ணன் முன்னாடி மீன்பிடி கப்பல்ல குக்கா இருந்தவரு, ஐஸ்லாந்து பக்கமெல்லாம் போயிருக்காரு. நான் ஜாக்கெட்ட திட்டிக்கிட்டே இருக்குறத பாத்துட்டு ஒரு நாள் ஒரு பேப்பர் கவர கொண்டாந்து நீட்டினாரு. "தம்பி, இத உள்ளங்கையில வச்சுக்கிட்டு பத்து வரைக்கும் எண்ணு"னாரு. பாத்தா சாம்பலும் காப்பியும் கலந்த கலர்ல, மிக்ஸில அடிச்ச பஞ்சு மிட்டாய் மாதிரி ஒரு உருண்டை. வச்சதே தெரியல, கண்ணால பாத்தா தான் கையில ஏதோ இருக்குனு தெரியுது. அஞ்சு எண்ணுறதுக்குள்ள உள்ளங்கை கதகதனு ஆயிருச்சு, சத்தியமா, யாரோ அந்த இடத்துல மட்டும் வாய வச்சு ஊதுற மாதிரி. அது வந்து என் சூடு தான், வெளிய போக வழியில்லாம எங்கிட்டயே திரும்பி வருது. விரல தூக்கினா அது விரலோடயே ஒட்டிக்கிட்டு வருது, உதறினேன், உதுரல, ஒரு நூல் பிடிச்சு இழுத்தா மொத்த கும்பலும் கூடவே வருது.

இத தூவினு சொல்லணும், இறகு வேற தூவி வேற. இறகுக்கு நடுவுல காம்பு இருக்கும், தூவிக்கு அப்படி ஒன்னும் பெருசா இல்ல, நடுவுல ஒரு புள்ளி, அதுல இருந்து எல்லாப் பக்கமும் மயிரிழை கெளம்பி போகும். பழைய பாட்டுல ராணிக்கு அன்னத்தூவி மெத்தை போட்டாங்கனு வருமே, அந்த தூவி தான். மத்த வாத்து, கூஸ் தூவிக்கும் ஈடர் தூவிக்கும் என்ன வித்தியாசம்னா, ஈடரோடதுல அந்த இழைங்க ஒன்னோட ஒன்னு கொக்கி போட்ட மாதிரி பிடிச்சுக்கும். அதான் உதறினா உதுரல. என் ஜாக்கெட்டுல பஞ்சு கீழ சரிஞ்சுதே, அந்த கம்ப்ளைன்ட் இதுல வராது, தூவியே தூவிய பிடிச்சுக்கிட்டு நிக்கும். நான் வேற எதுவும் பாக்காமயே இந்த ஒரு பாயிண்டுக்கு பாதி மார்க் போட்டுட்டேன்.

சரி, தொட்டுப் பாத்தா போதுமா, டெஸ்ட் பண்ண வேணாமா. மறுநாள் ரெண்டு முட்டைய வேகவச்சு பிளாஸ்குல சூடா எடுத்துட்டு போனேன். ஒரு முட்டைய அண்ணன் குடுத்த தூவில சுத்தி ஒரு பேப்பர் கப்புல வச்சேன், இன்னொன்ன என் ஜாக்கெட் கிழிசல் வழியா பிடுங்குன பஞ்சுல சுத்தி இன்னொரு கப்புல. ரெண்டையும் உள்ள ரேக்குல வச்சுட்டு என் வேலைய பாத்தேன். நாப்பது நிமிஷம் கழிச்சு எடுத்தா, ஜாக்கெட் பஞ்சு முட்டை ஓடு சில்லுனு இருக்கு, உரிச்சா நடுவுல மட்டும் லேசா உயிரு. தூவி முட்டைய எடுத்து கன்னத்துல வச்சுக்கிட்டேன், அப்படி ஒரு இதம். முட்டைய வச்சு டெஸ்ட் பண்ணது சும்மா இல்ல, அந்த தூவிக்கு பொறந்த வேலையே அது தான்.

எப்படினா, பெட்டை ஈடர் கூடு கட்டி முட்டை போடுற நேரத்துல தன்னோட மாருல இருக்குற தூவியவே அலகால பிடுங்கி கூட்டுல மெத்தை போடும். நாலு அஞ்சு முட்டை, ஏறக்குறைய 25 நாள் அடை. அந்த 25 நாளும் கிட்டத்தட்ட பட்டினி, தண்ணி குடிக்க மட்டும் எப்பவாவது எந்திரிச்சு போகும், அப்படி போகும்போது அந்த தூவிய இழுத்து முட்டை மேல போர்வை மாதிரி மூடிட்டு போகும். கலரும் தரையோட கலரு, மேல இருந்து பாத்தா கூடு இருக்குறதே தெரியாது. அடை முடிஞ்சு எந்திரிக்கும்போது ஒடம்பு எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் போயிருக்கும். ஆம்பளை இருக்கே, கருப்பு வெள்ளையில பிடரி பக்கம் பச்சை தடவி பாக்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும், அவரு அடை ஆரம்பிச்சதும் கடலுக்கு கெளம்பிருவாரு. அவரப் பத்தி இதுக்கு மேல எழுத ஒன்னும் இல்ல.

இந்த தூவி எப்படி மனுஷன் கைக்கு வருதுனு அண்ணன் சொன்னத கேட்டு அசந்துட்டேன். வாத்த பிடிக்கிறதே இல்ல, பிடுங்குறதும் இல்ல. ஐஸ்லாந்துல கரையோரமா இருக்குற பண்ணைக்காரங்க, காட்டு வாத்து தானா வந்து கூடு கட்டுற மாதிரி இடத்த ரெடி பண்ணி குடுப்பாங்க, கல்ல வச்சு சின்ன மறைப்பு, பழைய டயரு, கலர் கொடி எல்லாம் நட்டு வைப்பாங்க, சில பேரு ரேடியோ கூட போட்டு விடுவாங்களாம், வாத்துக்கு சத்தம் பழகிருச்சுனா மனுஷன் இருக்குற இடத்துக்கு நரி வராதுனு அதுக்கே தெரியும் போல. பதிலுக்கு ராத்திரி முழுக்க நரியும் மிங்க்கும் (கீரி மாதிரி ஒரு ஜந்து) வராம காவல் காக்கணும். அப்புறம் கூட்டுல இருந்து தூவிய எடுத்துட்டு காஞ்ச புல்ல வச்சுடுவாங்க. ஒரு கூட்டுல கெடைக்கிறது 15, 20 கிராம் தான், ஒரு கிலோ சேர்க்க அறுபது கூடு வேணும். அதுலயும் கடல்பாசி, ஓட்டுத் துண்டு, புல்லு எல்லாம் எடுத்து சுத்தம் பண்ணணும். மொத்த ஐஸ்லாந்துக்கும் வருஷத்துக்கு ஒரு மூணு டன் தான் வரும், ஒலகத்துல வர்ற ஈடர் தூவில பெரும்பங்கு அதுவே. அதனால தான் ஒரு ஈடர் போர்வை வாங்குற காசுல ஒரு செகண்ட் ஹேண்ட் காரு வாங்கிடலாம். 1847ல இருந்தே ஐஸ்லாந்துல இந்த வாத்த கொல்லக் கூடாதுனு சட்டம். நார்வேல வேகானு ஒரு தீவுக் கூட்டம், இதே மாதிரி வாத்துக்கு வீடு கட்டிக் குடுத்தே பொழச்ச ஊரு, 2004ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்துட்டாங்க. இங்கிலாந்துல ஃபார்ன் தீவுல 7ம் நூற்றாண்டுலயே கத்பர்ட்னு ஒரு துறவி இந்த வாத்துகளுக்கு பாதுகாப்பு குடுத்தாருனு சொல்லுவாங்க, அந்தப் பக்கம் இன்னைக்கும் இதுக்கு அவரு பேர சுருக்கி கடி வாத்துனு தான் பேரு (கடிக்கிற கடி இல்ல).

சப்ளையர் கிட்ட இருந்து சரக்க எடுத்துக்கிட்டு, சப்ளையருக்கே ராத்திரி வாட்ச்மேன் வேலையும் பாத்துக் குடுக்குற வியாபாரத்த நான் இங்க தான் பாக்குறேன்.

இப்ப கரடி.

பனிக்கரடி கோட்ட பத்தி பேசும்போது மொதல்ல ஒரு வதந்திய க்ளியர் பண்ணணும், ஏன்னா வாட்சப்புல இன்னும் சுத்துது. அதோட முடி எல்லாம் ஃபைபர் ஆப்டிக் கேபிள் மாதிரி, வெயில்ல இருக்குற புற ஊதா கதிர உறிஞ்சி உள்ள இருக்குற கருப்புத் தோலுக்கு அனுப்பி சூடாக்குதுனு. கேக்க சூப்பரா இருக்கும், நானும் நம்பிட்டு தான் இருந்தேன். 1998ல டேனியல் கூன்னு ஒரு இயற்பியல் ப்ரொபசர் அந்த முடிய எடுத்து வெளிச்சம் பாய்ச்சியே பாத்துட்டாரு, ஒரு இன்ச் தாண்டுறதுக்குள்ள வெளிச்சம் செத்துப் போகுது. அதுவும் கரடிக்கு குளிர் உச்சத்துல இருக்குற மாசம் எல்லாம் அங்க பல இடத்துல சூரியனே வராது, எங்க இருந்து கதிர அனுப்ப.

நெசம் என்னனா, முடிக்கு கலரே கெடையாது, கண்ணாடி மாதிரி, வெளிச்சம் பட்டு சிதறுறதால வெள்ளையா தெரியுது. வெளிப்பக்கத்து நீள முடி நடுவுல பொந்து. அடியில குட்டையா அடர்த்தியா இன்னொரு லேயரு. அதுக்கு கீழ கருப்புத் தோல். தோலுக்குக் கீழ தான் உண்மையான ஜாக்கெட்டு: பத்து சென்டிமீட்டர் வரைக்கும் கொழுப்பு. இன்ஃப்ராரெட் கேமரால பாத்தா ஒடம்பு முழுக்க பனியோட பனியா மறைஞ்சுரும், மூஞ்சியும் மூச்சுக் காத்தும் தான் மினுங்கும், ஏன்னா முடியோட மேல் நுனி வெளிய இருக்குற காத்து அளவுக்கு சில்லுனு இருக்கு, உள்ள இருக்குற சூடு மேல வரைக்கும் வரவே இல்ல. எங்க கிடங்குல கதவு லீக் ஆகுதானு பாக்க ஒருத்தர் அந்த கேமராவோட வருவாரு, போன தடவை என்னைய காட்டி காட்டி சிரிச்சாரு, ஸ்கிரீன்ல என் முதுகு கட்டம் போட்ட லுங்கி மாதிரி எரியுது, தையல் கோடு எல்லாம் மஞ்சள். கரடி பாத்திருந்தா வெக்கப்பட்டிருக்கும்.

பொந்து முடினு சொன்னேன்ல, அதுல ஒரு மேனுஃபாக்சரிங் டிஃபெக்ட் உண்டு. சூடான ஊருல ஜூல வச்சா அந்த பொந்துக்குள்ள பாசி குடியேறி கரடியே பச்சையா மாறிடும். 1979ல சான் டியாகோ ஜூல மூணு கரடி பச்சையாகி ஆளுங்க ஆராய்ச்சியே பண்ணாங்க. உப்புத் தண்ணி போட்டு கழுவுனா சரியாயிடுமாம். கரடிக்கு வாரண்டி ஆர்க்டிக்ல மட்டும் தான் செல்லும்.

ஆனா எனக்கு முக்கியமான டெஸ்டு வேற. ஈரம். ஃப்ரீசர்ல வேலை பாக்குறவனுக்கு குளிரு எதிரி இல்ல பாஸ், வேர்வை தான் எதிரி. பேலட் இழுக்கும்போது உள்ள நனையும், நின்னு ஸ்கேன் பண்ணும்போது அந்த ஈரம் ஐஸா மாறும், அப்ப எலும்புக்குள்ள போறது தான் குளிரு. அதனால மூணாவது நாள் தூவிய தண்ணில முக்கி பிழிஞ்சு அதே மாதிரி சூடு முட்டைய சுத்தி உள்ள வச்சேன். இருபதே நிமிஷம். எடுத்தா கோலிகுண்டு மாதிரி மேல ஒரு ஐஸ் ஓடு, தூவி எல்லாம் சுருங்கி நனைஞ்ச மீசை மாதிரி ஒட்டிக் கெடக்கு, முட்டைய மேஜையில தட்டினா டொக்குங்குது. அம்புட்டு தான் வித்தை. தூவில சூட்ட நிறுத்துறது தூவி இல்ல, அதுக்குள்ள நகராம நிக்கிற காத்து. தண்ணி புகுந்து காத்து வெளிய போச்சுனா ஒன்னுமே இல்ல. (வாத்துக்கே இது தெரியும். அதான் தூவிக்கு மேல இறகுல ஒரு ரெயின்கோட்டு வச்சிருக்கு, வால்கிட்ட இருக்குற சுரப்பில இருந்து எண்ணெய எடுத்து அலகால பூசி பூசி மெயின்டெயின் பண்ணும். நான் ரெயின்கோட்ட விட்டுட்டு உள்சட்டைய மட்டும் டெஸ்ட் பண்ணது கொஞ்சம் அநியாயம் தான், ஒத்துக்கிறேன்.)

கரடிக்கு இந்தப் பிரச்சனையே வேற மாதிரி. தண்ணில இறங்கினா அதோட முடியும் நனையும், தோல் வரைக்கும் தண்ணி போகும், முடி அந்த நேரம் வேஸ்டு. ஆனா கொழுப்ப யாரும் நனைக்க முடியாதுல்ல. இதையும் டெஸ்ட் பண்ணேன், பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு பண்ணிக் காட்டுவாங்களே அது தான்: ரெண்டு ஜிப்லாக் கவரு, நடுவுல வனஸ்பதிய அப்பி ஒரு கிளவுஸ் மாதிரி பண்ணி, ஐஸ் தண்ணி பக்கெட்டுல கைய விடுறது. வெறும் கவர மாட்டிக்கிட்டு விட்ட கை அரை நிமிஷத்துல கெஞ்ச ஆரம்பிச்சிருச்சு. வனஸ்பதி கை ரெண்டு நிமிஷம் மூணு நிமிஷம்னு போயி எனக்கே போரடிச்சு எடுத்துட்டேன். சரியா அந்த நேரம் சூப்பர்வைசர் வந்தாரு. ஒரு கையில முட்டை, ஒரு கையில வனஸ்பதி, எதிர்ல பக்கெட்டு. ஒன்னும் கேக்கல, பாத்துட்டு போயிட்டாரு, அது தான் பயமா இருந்துச்சு.

அந்த கொழுப்பு கோட்டோட கெப்பாசிட்டி தெரியணும்னா ஒரு கணக்கு. அலாஸ்காவுக்கு வடக்க போஃபோர்ட் கடல்ல 2008ல ஒரு பெண் கரடிக்கு ரேடியோ காலர் மாட்டியிருந்தாங்க, அது பனித்தட்டு தேடி விடாம நீந்துச்சு, 9 நாள், 687 கிலோமீட்டர், உறையப்போற தண்ணில. அப்புறம் பாத்தா ஒடம்பு எடையில 22 சதவீதம் காணோம், கூட இருந்த ஒரு வயசுக் குட்டியும் இல்ல. கோட்டு தாங்கிருச்சு, ஆனா கோட்டையே தின்னு தின்னு தான் அது நீந்திருக்கு. இந்த ஜாக்கெட் தான் அதோட சோத்து மூட்டையும், ஒன்ன எடுத்தா இன்னொன்னு கொறையும். குட்டிக்கு அந்த கொழுப்பு பத்தாது, அதான் சின்னக் குட்டிங்கள தாய்க்கரடி முடிஞ்ச வரைக்கும் தண்ணில இறக்காது.

கரைக்கு வந்ததும் கரடி நாய் மாதிரி ஒரு உதறு உதறும், பனியில பொரண்டு ஈரத்த துடைச்சுக்கும். மைனஸ் இருபது முப்பதுல நனைஞ்ச முடியில ஐஸ் கட்டி தொங்கணும்ல, தொங்காது. ஏன்னு 2025ல தான் ஒரு டீம் கண்டுபிடிச்சு எழுதினாங்க, முடியில இருக்குற எண்ணெய் பசை தான் காரணம், அதுல நம்ம தலையில தானா சுரக்குற எண்ணெயில நெறைய இருக்குற ஸ்குவாலீன்ங்கிற ஐட்டம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அதனால ஐஸ் ஒட்டாம நழுவிருது. அதே முடிய ஷாம்பு மாதிரி கழுவி எண்ணெய எடுத்துட்டு பாத்தா ஐஸ் நல்லா ஒட்டுதாம். இத படிச்சுட்டு என் மீசைய நெனச்சு பாத்தேன், பத்து நிமிஷத்துல ரெண்டு பக்கமும் ஐஸ் குச்சி தொங்கும், ஜிப்பு ஒறைஞ்சு போய் கழட்ட முடியாம ஜாக்கெட்டோட டீ குடிச்சிருக்கேன். கிரீன்லாந்து வேட்டைக்காரங்களுக்கு இது ஆய்வறிக்கை வர்றதுக்கு முன்னாடியே தெரியும், பனிக்கரடி தோலுல பேண்ட்டு தைச்சு போடுறது வடக்கு கிரீன்லாந்துல பரம்பரை வழக்கம், பூட்ஸ் அடியில கரடித்தோல் துண்டு கட்டிக்கிட்டா பனியில சத்தமே இல்லாம நடக்கலாம்.

இதுல ஒரு சுவாரசியம், கனடாவுல ஹட்சன் வளைகுடால பெல்ச்சர் தீவுல இருக்குற இனுயிட் பூர்வகுடி ஆளுங்க இதுக்கு நேர் எதிர், அவங்களுக்கு மான் தோல் கெடைக்காம போனப்போ ஈடர் தோல இறகோட உரிச்சு தைச்சு பார்கா (தலையையும் மூடுற குளிர் கோட்டு) போட்டுக்கிட்டாங்க. ஆக ரெண்டு பிராண்டுக்கும் பல தலைமுறை கஸ்டமர் உண்டு. மேல வாத்து, கீழ கரடினு காம்போ போட்டவன் எங்கயாவது இருந்திருப்பானானு யோசிக்கிறேன்.

கரடி கோட்டோட பெரிய மைனஸ் என்னனா கழட்ட முடியாது. கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா நெசமான பிரச்சனை. பனிக்கரடிக்கு குளிர விட சூடு தான் தொல்லை, ஓடினா சீக்கிரமே ஒடம்பு கொதிச்சிரும். மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடக்கூடிய ஜீவன் பெரும்பாலும் பொண்ணு பாக்க போற மாதிரி நிதானமா நடந்துக்கிட்டு இருக்குறதுக்கு அது தான் காரணம், சீல்ங்கிற கடல்நாயப் பிடிக்க தொரத்துறத விட பனி ஓட்டை பக்கத்துல மணிக்கணக்கா சும்மா படுத்துக் கெடக்கும். வாத்தோட சங்கதி அப்படி இல்ல, தூவிய பிடுங்கி கீழ வச்சுட்டு தன் வெறும் தோல முட்டை மேல நேரா அமுக்கி சூடு குடுக்கும், முட்டைக்கு சூடு போக வேண்டிய இடத்துல ஜாக்கெட் இல்ல, சூடு வெளிய ஓடுற பக்கம் ஜாக்கெட் இருக்கு. இந்த யோசனை எந்த கம்பெனி டிசைனருக்கும் வரல.

இன்னொரு நியாயமும் பாக்கணும். வளர்ந்த ஆம்பளைக் கரடி 400, 500 கிலோ, வாத்து ரெண்டு கிலோ சொச்சம். ஒடம்பு பெருசானா சூட்ட பிடிச்சு வைக்கிறது ஈஸி, அண்டாவுல வச்ச வெந்நீரு டம்ளர்ல வச்ச வெந்நீர விட லேட்டா தானே ஆறும். டம்ளரு சைசுல இருந்துக்கிட்டு ஐஸ் தண்ணில மிதந்து, முங்கி, கடல் சிப்பிய ஓட்டோட முழுசா விழுங்கி வயித்துக்குள்ளயே நொறுக்கிட்டு, மேல வந்து பறந்தும் போகுது பாருங்க, அந்த வெயிட்டுக்கு அந்த வேலை கரடியால முடியாது. பத்து சென்டிமீட்டர் கொழுப்ப கட்டிக்கிட்டு எவன் பறப்பான்.

இப்ப ரெண்டு பேரும் நேருக்கு நேரா மோதின சம்பவம். இது கற்பனை இல்ல. கரடிக்கு சாப்பாடு சீலு, சீல பிடிக்க பனித்தட்டு வேணும், இப்ப பனி சீக்கிரமே உருகிடுறதால கரடிங்க முன்னாடியே கரைக்கு வந்துருது, வந்து பாத்தா ஈடர் அடைகாக்குற நேரம். நார்வேக்கு வடக்க இருக்குற ஸ்வால்பார்ட் தீவுல, ஹட்சன் வளைகுடா பக்கமெல்லாம் கரடி ஒவ்வொரு கூடா போயி முட்டைய காலி பண்ணுறது அதிகமாயிருக்கு. 2017ல கனடால மிடிவிக்னு ஒரு சின்னத் தீவுல ட்ரோன் விட்டு இத படம் பிடிச்சாங்க, ரிசல்ட் 2021ல வந்துச்சு. பாத்தா கரடி அவ்வளவு ஒன்னும் கெட்டிக்காரன் இல்ல, கூடு காலியாக காலியாக, காலிக் கூட்டையே போயி போயி மோந்து பாத்துக்கிட்டு இருக்கு, சாப்பாட்டுக்கு செலவு பண்ற நடைக்கு கெடைக்கிற முட்டை கட்டுப்படியாகல. ஒரு சீல் கொழுப்புக்கு எத்தனை முட்டை ஈடாகும் சொல்லுங்க. ஒலகத்துலயே பெஸ்ட் கோட்ட போட்டவன், ஒலகத்துலயே பெஸ்ட் போர்வைய பிரிச்சு மேஞ்சு, போர்வைய விட்டுட்டு உள்ள இருக்குறத நக்கிட்டு போறான். கரடியையும் குத்தம் சொல்ல முடியல. 19 கூட்டமா பிரிஞ்சு ஒலகம் முழுக்க ஏறக்குறைய 26,000 தான் இருக்குனு 2015 கணக்கு சொல்லுது, வேட்டைய கட்டுப்படுத்த அஞ்சு நாடு 1973லயே கையெழுத்து போட்டாச்சு, ஆனா பனி உருகுறதுக்கு யாரு கையெழுத்து போடுறது.

நம்ம ஊரு சயின்டிஸ்டு, அவங்க ஊரு சயின்டிஸ்டுனு எல்லாரும் காப்பியடிக்கிறது பெரும்பாலும் கரடிய தான், இதுவும் சொல்லணும். 2023 கடைசில சீனாவுல செஜியாங் யூனிவர்சிட்டி டீம் ஒன்னு கரடி முடிய பாத்து, உள்ள ஏரோஜெல் (காத்து நெறைஞ்ச, ரொம்ப லேசான ஒரு பொருள்), வெளிய மெல்லிசா ஒரு ஒறைனு ஒரு நூலு பண்ணாங்க, அதுல பின்னுன ஸ்வெட்டரு தூவி அடைச்ச டவுன் ஜாக்கெட்டோட தடிமன்ல அஞ்சுல ஒரு பங்கு தான், ஆனா அதே சூடு, துவைக்கலாம், சாயம் போடலாம். அது கிடங்கு வரைக்கும் வர்ற வரைக்கும் நான் இருப்பேனானு தெரியல. ஈடர் கொக்கிய காப்பியடிச்சு எதுவும் இன்னும் என் கண்ணுல படல.

மார்க்கு கேப்பீங்க. காஞ்ச குளிருக்கு ஈடருக்கு பத்துக்கு பத்து, யோசிக்காம. ஈரக் குளிருக்கு கரடிக்கு ஒம்போது, ஒரு மார்க்கு கொறைச்சது கழட்ட முடியாததுக்கு. தூக்கிட்டு போற வசதில வாத்து, அத பேசவே வேணாம். கஸ்டமர் சர்வீஸ்: வாத்து மெரண்டா முட்டை மேலயே நாத்தம் பிடிச்ச எச்சத்த அடிச்சுட்டு பறந்துரும், கரடி சர்வீஸ் கேட்டு போனவன் ரிவ்யூ எழுத திரும்பி வரல. மொத்தத்துல ஒன்னு தான் எடுத்துக்கோனா நான் வாத்து கட்சி. கரடி கோட்டு கரடிக்கு மட்டும் தான் ஒதவும், உரிச்சா தான் அடுத்தவனுக்கு. வாத்து கோட்டு அது இல்லாத நேரத்துலயும் முட்டைக்கு வேலை பாத்துட்டு, அப்புறமும் வேலை பாக்குது.

ஆனா உள்ள வேலை பாக்குறப்ப நான் காப்பியடிக்கிறது கரடிய. இப்பெல்லாம் ஓடுறதில்ல, நிதானமா நடக்குறேன், வேர்க்கப் போகுதுனு தெரிஞ்சதுமே, வேர்த்த பிறகு இல்ல, முன்னாடியே ஜிப்ப பாதி இறக்கி விட்டுடுறேன். முதுகு காய்ஞ்சே இருக்கு. புது ஜாக்கெட் வாங்க போறவங்களுக்கும் ஒன்னு, கடையில போட்டு பாக்காதீங்க, தலைகீழா பிடிச்சு பத்து தடவை நல்லா உதறிட்டு வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, கட்டத்துக்கு மேல் பாதில வெளிச்சம் தெரிஞ்சா அங்கயே வச்சுட்டு வந்துருங்க.

அண்ணன் நேத்து அந்த பேப்பர் கவர திருப்பிக் கேட்டாரு. நனைஞ்சத காய வச்சு விரலால பிரிச்சு பிரிச்சு விட்டதுல முக்கால்வாசி பழையபடி உப்பிருச்சு, ஆனா அவிச்ச முட்டை வாடை மட்டும் போக மாட்டேங்குது. திங்கக்கிழமை தர்றேன்னு சொல்லியிருக்கேன்.